படகுகளுக்கு நடுவே நெட்வொர்க் கோடிங்: ரேங்க் 36-இலேயே நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

அரைவாட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இசிஇ இறுதியாண்டு படிக்கிறோம், நாலு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட். குளச்சல், முட்டம் பக்கமிருந்து தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) போகிற விசைப்படகுகளில் இஎஸ்பி32 சிப்பும் லோரா ரேடியோவும் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசுவது) சேர்ந்த சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, கரையிலிருந்து காற்று, அலை, மேகப் படத்தைப் படகு விட்டுப் படகு தாண்டிக் கொண்டு போக வேண்டும். செல்போன் சிக்னல் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கைவிட்டுவிடும், அதற்கு அப்புறம்தான் இந்தப் பெட்டிக்கு வேலை.

படம் சுருக்கிய பிறகு சுமார் 8000 பைட். அதை 200 பைட் துண்டுகளாக வெட்டினால் 40 பாக்கெட். 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் லோராவின் வேக அமைப்பு எஸ்எஃப்9, அகலம் 125 கிலோஹெர்ட்ஸ். ஒரு பாக்கெட்டை அப்படியே அனுப்பாமல், 40 துண்டுகளையும் ஜிஎஃப் 256-இல் (256 எண்கள் மட்டும் உள்ள கணக்குத் தொகுதி, ஃபீல்ட்) ரேண்டம் எண்களால் பெருக்கிக் கூட்டி அனுப்புகிறோம், அந்த 40 எண்களையும் ஹெடரில் வைக்கிறோம். நடுவில் இருக்கிற ரிலே படகு தனக்கு வந்ததை மறுபடியும் கலந்து அனுப்பும். பெறுகிற படகு 40 தனித்தனிச் சமன்பாடுகள் சேர்ந்ததும் காஸியன் எலிமினேஷன் போட்டு மொத்தப் படத்தையும் எடுத்துக்கொள்ளும். பாடத்தில் படித்த ரேண்டம் லீனியர் நெட்வொர்க் கோடிங் அப்படியே.

பைத்தானில் ஓட்டினால் 40 அல்லது 41 பாக்கெட்டில் முடிந்துவிடுகிறது. கடலில் வைத்துப் பார்த்தபோது, ரிலே படகுக்கு அப்பால் இருக்கிற இரண்டு படகுகளிலும் ரேங்க் (கையில் சேர்ந்த தனிச் சமன்பாடுகளின் எண்ணிக்கை) 36 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. பாக்கெட் வந்துகொண்டே இருக்கிறது, ஒன்றுகூடப் புதிதாக எதையும் தரவில்லை. கரை நிலையம் 45 பாக்கெட் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும், ரிலே மட்டும் தொடர்ந்து அனுப்பும். கரைக்கும் ரிலேக்கும் நடுவில் சுமார் 20 சதவீத இழப்பு என்று அளந்து வைத்திருக்கிறோம்.

கூடவே இன்னும் சில கேள்விகள். ஜெனரேஷன் அளவு (ஒன்றாகக் கலக்கிற துண்டுகளின் எண்ணிக்கை), ஃபீல்ட் அளவு இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது? எங்கள் கைடு "இவ்வளவு கணக்கு எதற்கு, ஒவ்வொன்றையும் மூன்று தடவை அனுப்பினால் போதாதா" என்று கேட்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது? டீமில் ஒருவன் கோப் (வைஃபையில் நெட்வொர்க் கோடிங் செய்து காட்டிய முறை) பேப்பரைப் படித்துவிட்டு இரண்டு பாக்கெட்டை எக்ஸார் (பிட்டுக்குப் பிட் கூட்டல்) செய்து அனுப்பலாம் என்கிறான், அது எங்களுக்கு ஒத்துவருமா?

---

பழைய ஆன்டெனா எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை கிடக்கிறது. 45-ஐ 0.8-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 36. ரிலேயின் கையில் இருப்பதே 36 தனிச் சமன்பாடுதான், அது எத்தனை நூறு விதமாகக் கலந்து அனுப்பினாலும் அந்த 36-க்குள்தான் சுற்றி வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அப்பால் இருக்கிற இரண்டு படகுக்கும் அந்த ஒரே ரிலேதான் வழி என்றால் விடிய விடிய அனுப்பினாலும் 37 ஆகாது. நீங்கள் கடைசிப் படகுகளின் ரேங்கை மட்டும் லாக் செய்திருக்கிறீர்கள் போல, ரிலேயின் ரேங்கையும் லாக் செய்யுங்கள், சட்டென்று தெரிந்துவிடும்.

சிமுலேஷனில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், அநேகமாக அங்கே பெறுபவன் முடிக்கிற வரைக்கும் சோர்ஸ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கும். கடலில் எங்கே நிறுத்துவது என்பதுதான் டிசைன். 20 சதவீத இழப்புக்கு 50 அனுப்பினால் சராசரியாக 40 சேரும், ஆனால் சராசரி என்றால் ஏறக்குறைய பாதித் தடவை குறையும் என்று அர்த்தம். 58 அனுப்பினால் சராசரி 46 சேரும், விலகல் 3 பக்கம், அப்போதுதான் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தடவை 40-ஐத் தாண்டும். கண்ணை மூடிக்கொண்டு 58 அனுப்புவதை விட நல்ல வழி, ரிலே தன் ரேங்கை ஒரே ஒரு பைட்டில் திருப்பிச் சொல்வது. எந்தப் பாக்கெட் வரவில்லை என்ற பட்டியல் வேண்டாம், "எனக்கு இன்னும் 4 வேண்டும்" என்றால் போதும், எந்த 4 என்பது முக்கியமே இல்லை. நெட்வொர்க் கோடிங்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், பலர் இதைக் கவனிக்காமல் வேகம் கூடுமா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

அடுத்தது ஃபீல்ட். பேப்பர்களில் ஜிஎஃப் 256 என்று இருப்பது 1400 பைட் பாக்கெட்டை மனதில் வைத்து. 2003-இல் சௌ, வூ, ஜெயின் மூவரும் கோஎஃபிஷியன்ட்களை, அதாவது பெருக்கிய எண்களை, பாக்கெட்டிலேயே கூட வைத்து அனுப்பிவிடலாம் என்று எழுதியதுதான் இந்தத் துறையையே காகிதத்திலிருந்து கம்பிக்கு இறக்கியது, அது இணையத்துக்கு எழுதியது. அங்கே 32 பைட் ஹெடர் என்றால் இரண்டு சதவீதச் சொச்சம், யாருக்கும் வலிக்காது. உங்களுக்கு 200 பைட் சரக்குக்கு 40 பைட் ஹெடர், ஐந்தில் ஒரு பங்கு. எஸ்எஃப்9-இல் 200 பைட் பாக்கெட்டுக்குச் சுமார் 1 வினாடி காற்றுநேரம், 240 ஆனால் 1.19 வினாடி.

இதையே ஜிஎஃப் 2-இல், அதாவது வெறும் எக்ஸாரில் செய்தால் 40 கோஎஃபிஷியன்ட்டும் 40 பிட், 5 பைட். 1.03 வினாடி. இதற்குக் கொடுக்கிற விலை, சமன்பாடுகள் ஒன்றையொன்று சார்ந்துபோகிற வாய்ப்பு கூடும். ஜிஎஃப் 2-இல் ரேண்டமாக எடுத்த 40-க்கு 40 மேட்ரிக்ஸ் தலைகீழாகத் திருப்பக்கூடியதாக இருக்கிற வாய்ப்பு 29 சதவீதம்தான், ஜிஎஃப் 256-இல் 99.6. கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் சராசரியாகக் கூடுதலாகத் தேவைப்படுவது 1.6 பாக்கெட், அவ்வளவுதான். 41.6 பாக்கெட்டை 1.03-ஆல் பெருக்கினால் 43 வினாடிக்குள். ஜிஎஃப் 256 வழி 40 பாக்கெட்டுக்கு 47 வினாடிக்கு மேல். உங்கள் பாக்கெட் அளவில் சின்ன ஃபீல்ட்தான் ஜெயிக்கிறது. ஜிஎஃப் 16 என்றால் 20 பைட் ஹெடர், கூடுதல் பாக்கெட் 0.07, நடுவில் நிற்கும். எழுதி ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள், நான் எக்ஸாரில்தான் தொடங்குவேன்.

ஜெனரேஷனைச் சின்னதாக்கி 14, 13, 13 என்று மூன்றாக உடைத்து ஜிஎஃப் 256-ஐயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஹெடர் குறையும், ஆனால் மூன்றும் தனித்தனியாக நிறைய வேண்டும், ஒன்று நிறைந்த பிறகு அதற்கு வருகிற பாக்கெட் எல்லாம் வீண், எதற்கு எத்தனை அனுப்புவது என்று தனியாக ஒரு தலைவலி. 8 கேபிக்கு ஒரே ஜெனரேஷன் போதும். சிப் தாங்குமா என்ற கவலையும் வேண்டாம், 40-க்கு 200 மேட்ரிக்ஸ் வெறும் 8 கேபி, இஎஸ்பி32-இல் அரை மெகாபைட் அளவுக்கு ரேம் இருக்கிறது, எக்ஸார் எலிமினேஷன் சில மில்லிசெகண்ட் வேலை. உங்களுக்குப் பஞ்சம் காற்றுநேரத்தில்தான்.

ரேண்டம் எண் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. சி மொழியின் ரேண்ட் ஃபங்ஷனை விதை மாற்றாமல் கூப்பிட்டால் எல்லாப் படகும் பூட் ஆனதும் ஒரே வரிசையைத்தான் கொடுக்கும், இரண்டு ரிலேயிலும் முழுப் படம் இருந்தால் இரண்டும் அச்சு அசல் ஒரே பாக்கெட்டை அனுப்பும். இஎஸ்பி32-இன் சொந்த ரேண்டம் ஹார்ட்வேரும் வைஃபை அல்லது ப்ளூடூத் ஓடும்போதுதான் உண்மையான இரைச்சலிலிருந்து எடுக்கிறது, இரண்டையும் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்திருந்தால் அதற்கென்று இருக்கிற எண்ட்ரோபி மூலத்தைத் தனியாக இயக்க வேண்டும், டாக்குமெண்டேஷனில் இருக்கிறது. போர்டின் மேக் முகவரியை விதையோடு கலந்துவிடுவது எளிய வழி.

---

கோட்டாறு கேபிள் எழுதியது:

நான் கைடு கட்சி. மூன்று தடவை அனுப்புவதை நானும் சொல்ல மாட்டேன், 20 சதவீத இழப்பில் ஒரு துண்டு மூன்று தடவையும் தொலைகிற வாய்ப்பு ஆயிரத்துக்கு 8, நாற்பது துண்டில் ஏதாவது ஒன்று ஓட்டையாகிற வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல், அதற்கு 120 பாக்கெட் செலவு. அது சரியில்லை. ஆனால் அதற்கு ஃபவுண்டன் கோட் இருக்கிறதே, அனுப்புகிறவனே வேண்டுமளவு கலந்த பாக்கெட் உருவாக்கி அனுப்புவது. ராப்டர்க்யூ என்ற அந்த வகைக் கோட் 2011-லேயே ஆர்எஃப்சி 6330 (இணையத் தொழில்நுட்ப ஆவணம்) ஆக வந்துவிட்டது, லோராவானில்கூட ஃபர்ம்வேர் அனுப்ப துண்டு போட்டு பாரிட்டி சேர்க்கிற முறை இருக்கிறது. கரையில் கோட் செய், கடைசியில் டீகோட் செய், நடுவில் இருக்கிறவன் வந்ததை அப்படியே தள்ளட்டும். நடுவில் இருக்கிற பெட்டிக்கு மூளை வைத்தால் பிழைபிடிப்பது யார்? ஒரு ரிலேயில் பக் இருந்தால் அது கலந்து அனுப்புகிற எல்லாமே கெட்டுப்போகும், எந்த ரிலே என்றே கண்டுபிடிக்க முடியாது. நெட்வொர்க் கோடிங் கட்டுரை 2000-இல் வந்தது, இத்தனை வருஷமாக "இதோ வருகிறது" என்கிறார்கள், நம் வீட்டு ரூட்டரில் வந்துவிட்டதா?

கோப் பற்றி: இரண்டு பக்கமும் டிராஃபிக் போகும்போது நடுவில் இருப்பவன் இரண்டையும் எக்ஸார் செய்து ஒரே தடவையில் அனுப்பினால் 4 அனுப்புதல் 3 ஆகும், அதுதான் 2006-இல் அவர்கள் 20 கணினி வைத்து வைஃபையில் செய்து காட்டியது. உங்களுக்குப் போகிற பக்கம் 200 பைட் படம், வருகிற பக்கம் 20 பைட் இருப்பிடத் தகவல். சின்னதைப் பெரிதோடு எக்ஸார் செய்தால் மிச்சமாவது அந்த 20 பைட்டும் ஒரு ப்ரியாம்பிளும் (பாக்கெட்டின் தொடக்கச் சிக்னல்) தான். விட்டுவிடுங்கள்.

---

ரப்பர் தோட்டம் எழுதியது:

கோப் விஷயத்தில் கேபிள் அண்ணன் சொன்னது சரி, ரிலே விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒவ்வொரு தாவலிலும் (ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு) 20 சதவீத இழப்பு, மூன்று தாவல் என்று வையுங்கள். நடுவில் இருப்பவன் அப்படியே தள்ளினால் கடைசிக்குச் சேர்வது 0.8-இன் மூன்றாம் அடுக்கு, 0.512. ராப்டர்க்யூ எவ்வளவு நல்ல கோடாக இருந்தாலும் 40 சேர 78 அனுப்ப வேண்டும், அதையும் ஒவ்வொரு ரிலேயும் வந்தவரை தள்ள வேண்டும். நடுவில் கலந்தால் ஒவ்வொரு தாவலும் தன் இழப்பைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும், ஒவ்வொருவரும் சுமார் 50 அனுப்பினால் போதும். தாவல் கூடக் கூட இந்த இடைவெளி அடுக்கடுக்காக விரியும். இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு ரிலேயும் முழுப் படத்தையும் டீகோட் செய்துவிட்டு, புதிதாக ஃபவுண்டன் கோட் போட்டு அடுத்தவனுக்கு அனுப்பலாம். இழப்புக் கணக்கில் அதுவும் தாவலுக்கு 0.8-தான். தாமதம் மட்டும் தாவலுக்கு ஒரு நிமிஷம் ஏறும், வானிலைப் படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கைடிடம் போகும்போது இந்த ஒப்பீட்டைத் தயாராக வைத்திருங்கள், நல்ல கைடாக இருந்தால் இதைத்தான் கேட்பார்.

அப்படியானால் கலப்பதால் என்ன லாபம்? ஒரே வரிசையில் நிற்கிற படகுகளாக இருந்தால் பெரிதாக இல்லை. படகு நகர்வதால்தான் லாபம். ஒரு படகு 25 வரை வாங்கிவிட்டு சிக்னல் எட்டாத தூரம் போய்விட்டது, இன்னொன்று 22 வாங்கியது, இரண்டும் படத்தை முடிக்கவில்லை. மூன்றாவது படகு இரண்டின் பேச்சையும் கேட்கிற இடத்தில் இருந்தால், டீகோட் செய்து அனுப்புகிற முறையில் அதற்கு ஒன்றுமே கிடைக்காது, ஏனென்றால் முடிக்காதவன் பேச மாட்டான். கலக்கிற முறையில் அரைகுறையாக வைத்திருக்கிறவனும் உதவுவான், இரண்டு அரைகுறையும் சேர்ந்து, கரையிலிருந்து வந்தது வெவ்வேறாக இருந்தால், 40-ஐத் தொட்டுவிடலாம். உங்கள் புராஜெக்டின் நியாயம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இதை முன்னால் வையுங்கள்.

ரூட்டரில் வரவில்லை என்பது சரி, ஆனால் 2013-இல் லினக்ஸ் கர்னலின் பேட்மேன் மெஷ் மாட்யூலில் கோப் மாதிரி எக்ஸார் சேர்த்தார்கள், 2020-இல் ஸ்லைடிங் விண்டோ முறைக்கு ஆர்எஃப்சி 8681 வந்தது, 2023-இல் பேட்ஸ் கோடுக்கு ஆர்எஃப்சி 9426. பேட்ஸ் உங்களுக்குப் பின்னால் உதவும். வெளியே ஃபவுண்டன் கோட் மாதிரி ஒன்று, உள்ளே சின்னச் சின்ன பேட்ச், ரிலே ஒரு பேட்சுக்குள் மட்டும் கலக்கும், அதனால் கோஎஃபிஷியன்ட் ஹெடர் பேட்ச் அளவுக்குத்தான் இருக்கும், ஃபைல் எவ்வளவு பெரிதானாலும். பேட்சில் ரேங்க் கொஞ்சம் குறைந்தாலும் வெளிக் கோட் பார்த்துக்கொள்ளும். 8 கேபிக்கு அது வேண்டாம், பல நூறு கேபி அனுப்புகிற நாள் வந்தால் யோசியுங்கள்.

ரிலே கெட்டுப்போனால் என்ன என்று கேபிள் அண்ணன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு கெட்ட பாக்கெட் உள்ளே நுழைந்தால் 40 துண்டும் நாசம். லோராவின் சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் சோதனை எண்) 16 பிட்தான், அதைத் தாண்டி வருவது அபூர்வம் என்றாலும் வரும். கலப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தாவலிலும் சோதிக்க வேண்டும், அதற்கு மேல் முழுப் படத்துக்கும் 4 பைட் சிஆர்சி ஒன்றைக் கரையிலேயே போட்டுத் துண்டுகளுக்குள் வைத்துவிடுங்கள். டீகோட் ஆன பிறகு அது பொருந்தாவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து வாங்க வேண்டியதுதான். ரிலே தன் ஐடியை ஹெடரில் வைத்தால் எந்த வழியில் கெட்டது என்று லாகிலிருந்து பிடிக்கலாம்.

---

தூத்தூர்க்காரன் எழுதியது:

மக்கா, கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் படகு எனக்குத் தெரியும், வீட்டில் எல்லாரும் கடல் தொழில்தான். நீங்கள் எல்லாரும் 20 சதவீதம் 20 சதவீதம் என்று நிலையாகச் சொல்கிறீர்கள், கடலில் அப்படி எதுவும் நிலையாக இருக்காது. ஆனி ஆடியில் படகு ஆடுகிற ஆட்டத்தில் ஆன்டெனா ஒருமுறை வானத்தைப் பார்க்கும், ஒருமுறை தண்ணீரைப் பார்க்கும், அப்போது விட்டு விட்டு ஒன்று ஒன்றாகத் தொலையாது, கொத்தாகத் தொலையும். வீல்ஹவுஸ் மேலே ஏற்கெனவே வயர்லெஸ் ஆன்டெனா, லைட்டு, கொடி எல்லாம் இருக்கும், உங்கள் பெட்டிக்கு ஒரு ஓரம்தான் கிடைக்கும், அந்தப் பக்கம் மறைத்தால் மறைத்ததுதான்.

நல்ல நேரம் எது என்றால் வழிவலை போடுகிற படகுகளுக்கு ராத்திரி. வலையைப் போட்டுவிட்டு நீவாட்டில் (நீரோட்டத்தில்) மிதந்துகொண்டே கிடப்பார்கள், ஒரு கூட்டமாகப் போன படகுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே போக்கில் போகும், இடைவெளி அவ்வளவாக மாறாது. படத்தை அந்த நேரத்தில் அனுப்புங்கள். இழுவைமடிக்காரர்கள் கதை வேறு, அவர்கள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்று முக்கியமானது. திரும்பி வருகிற பக்கம் படகு எங்கே நிற்கிறது என்ற தகவல் போகும் என்கிறீர்களே, எந்த ஸ்ராங்கும் (படகை ஓட்டும் தலைவன்) தான் மீன் பிடிக்கிற இடத்தைப் பக்கத்துப் படகுக்குக் காட்ட மாட்டான். கணவாய் மீன் கிடைக்கிற இடம் கண்டுபிடித்தவன் வயர்லெஸில் வேறு கதை பேசுவான். என் இருப்பிடம் அடுத்தவன் பெட்டி வழியாகத்தான் போகும் என்று தெரிந்தால் பெட்டியைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அப்புறம், ஒக்கி புயல் சமயத்தில், 2017 நவம்பர் கடைசியில், ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. அவர்களுக்கு அன்றைக்குப் படம் தேவைப்படவில்லை, "கரைக்கு வா" என்று ஒரு வரி தேவைப்பட்டது. உங்கள் முறையில் 39 துண்டு வந்து ஒன்று வராவிட்டால் ஒன்றுமே தெரியாது என்றால் அதை என்னவென்று சொல்வது?

---

அரைவாட் எழுதியது:

பழைய ஆன்டெனா அண்ணா, லாக் பார்த்தேன், ரிலேயிலும் 36-தான். தூத்தூர் அண்ணன் கேட்ட கடைசிக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு விஷயம் இன்னும் கேட்க வேண்டும். ஒன்று, எச்சரிக்கைச் செய்தியைப் படத்தின் முதல் துண்டாக வைத்தால் போதுமா? இரண்டு, இருப்பிடத்தை மறைக்க என்கிரிப்ட் செய்தால் ரிலேயால் கலக்க முடியுமா? எத்தனை ரிலே பேசலாம் என்பதும் குழப்பமாக இருக்கிறது, எல்லாரும் கலந்து அனுப்பத் தொடங்கினால் மோதிக்கொள்கிறதே.

---

பழைய ஆன்டெனா எழுதியது:

எச்சரிக்கையைக் கோடிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு வரிச் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்கும், 30, 40 பைட்தான். அதைக் கலக்காமல், தனி வகை என்று ஹெடரில் குறி வைத்து, கேட்கிற ஒவ்வொரு படகும் தற்செயலான ஒரு தாமதம் விட்டுச் சில தடவை திருப்பிச் சொல்லட்டும், படம் போய்க்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டு இது முன்னால் போகட்டும். ஒரு கையொப்பம் அல்லது எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ரகசியச் சாவியில் போட்ட சோதனைக் குறியீடு இருக்க வேண்டும், 865-இல் யார் வேண்டுமானாலும் போர்டு வாங்கிப் பேசலாம், பொய்யான "கரைக்கு வா" ஒன்று போனால் அடுத்த தடவை உண்மையானதையும் நம்ப மாட்டார்கள். நெட்வொர்க் கோடிங் பெரிய சரக்குக்கு, அதுவும் பலருக்கு ஒரே சரக்கு போகும்போது. ஒரு வரிக்கு அது சுமை.

படத்துக்கும் 39-இல் ஒன்றுமில்லை என்கிற நிலை வேண்டியதில்லை. முதல் 40 பாக்கெட்டைக் கலக்காமல் அப்படியே அனுப்புங்கள், கோஎஃபிஷியன்ட் இடத்தில் ஒரே ஒரு 1, மற்றதெல்லாம் 0. அதற்கப்புறம் வருகிற 18 அல்லது 20 மட்டும் கலந்தது. 32 துண்டு நேராகக் கிடைத்தவன் மீதி வராவிட்டாலும் அந்த 32-ஐ வைத்து ஓட்டையோடு படம் காட்டலாம், ஒவ்வொரு துண்டும் படத்தின் ஒரு தனிப் பட்டையாக இருக்கும்படி சுருக்கினால். நல்ல சிக்னலில் இருப்பவனுக்கு எலிமினேஷனே வேண்டியிருக்காது, அது கூடுதல் லாபம். கொத்தாகத் தொலைகிறது என்று தூத்தூர்க்காரர் சொன்னதற்கும் இது பரவாயில்லை, கலந்த பாக்கெட்டுகளுக்கு எது தொலைந்தது, எந்த வரிசையில் தொலைந்தது என்பதெல்லாம் ஒன்றுதான், எண்ணிக்கை மட்டுமே கணக்கு. ஆனால் கூடுதலாக அனுப்புகிற அளவை 20 சதவீதச் சராசரியை வைத்து முடிவு செய்யாமல் ரேங்க் பைட்டைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

என்கிரிப்ஷன் கோடிங்குக்கு முன்னால் வந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ரிலேக்கு உள்ளே இருப்பது தெரிய வேண்டிய அவசியமே கிடையாது, அது பைட்டுகளைத்தான் எக்ஸார் செய்கிறது, கோஎஃபிஷியன்ட் ஹெடர் மட்டும் திறந்திருந்தால் போதும். இருப்பிடப் பாக்கெட்டை எப்படியும் கலக்கப் போவதில்லை, கரைக்கு மட்டும் தெரிந்த சாவியில் பூட்டிவிடுங்கள். ஸ்ராங்குகளிடம் இதை முதல் நாளே சொல்லுங்கள். ஆனால் ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை எந்தச் சாவியும் மறைக்காது, அதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

மோதல்தான் மிச்சம் இருக்கிற பெரிய வேலை, கோடிங்கை விட இதில்தான் உங்களுக்கு நேரம் போகும். ஜிபிஎஸ் எல்லாப் பெட்டியிலும் இருக்கும் அல்லவா, அதன் வினாடித் துடிப்பை வைத்து நேரத் துண்டு பிரித்துவிடுங்கள், பாக்கெட் 1.03 வினாடி என்பதால் 1.2 வினாடிக்கு ஒரு துண்டு. யார் பேசலாம் என்பதற்கு விதி: ஹெடரில் ஒவ்வொருவரும் தன் ரேங்கை வைக்கிறார்கள், பக்கத்தில் தன்னை விடக் குறைந்த ரேங்க் யாராவது இருந்தால் மட்டும் பேசு, எல்லாரும் உன் அளவு வந்துவிட்டால் வாயை மூடு. ஒரே ரேங்கில் இருக்கிற இரண்டு பேரிடம் வெவ்வேறு சமன்பாடு இருக்கலாம், அந்த நிலையில் நின்றுவிடாமல் இருக்க ரேங்க் 40 ஆகாத வரைக்கும் அவ்வப்போது ஒன்று அனுப்பட்டும். கையில் இரண்டு மூன்று பாக்கெட் மட்டும் இருக்கிற ரிலே எக்ஸாரில் கலக்கும்போது எல்லாம் பூஜ்யமாக வருகிற வாய்ப்பு அதிகம், பூஜ்யம் வந்தால் மறுபடி குலுக்கு, அனுப்பாதே.

தூரத்துக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உயரம் மீட்டரில், இரண்டு உயரங்களின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில். கரை ஆன்டெனா 36 மீட்டர், படகில் 4 மீட்டர் என்றால் 33 கிலோமீட்டர். படகுக்கும் படகுக்கும் 16 சொச்சம்தான். முதல் தாவல் நீளமானது, அடுத்தவை எல்லாம் பாதி, ரிலே எங்கே இருக்க வேண்டும் என்று இதிலிருந்தே வரைந்து பார்க்கலாம்.

---

தூத்தூர்க்காரன் எழுதியது:

சோதனைக்கு ஒரு யோசனை. மேற்குப் பக்கம் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விசைப்படகு எல்லாம் துறைமுகத்தில் கட்டித்தான் கிடக்கும். அப்போது ஏறிப் பெட்டி மாட்ட, வயர் இழுக்க யாரும் தடுக்க மாட்டார்கள், பேட்டரி லைன் எங்கே எடுக்கலாம் என்றும் காட்டிக் கொடுப்பார்கள். கிழக்குப் பக்கத் தடை ஜூன் 14-இல் முடியும், சின்னமுட்டம் படகுகள் அதற்கப்புறம் கடலுக்குப் போகும். ஜூன் பாதிக்கு மேல் ஓடுகிற படகில் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போய்க் கேளுங்கள். உப்புத் தண்ணீர் படாமல் கனெக்டரில் ரப்பர் டேப் சுற்றி அதற்கு மேல் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் ரேங்க் என்ன, லைட்டே எரியாது.

---

கோட்டாறு கேபிள் எழுதியது:

நான் இன்னும் முழுசாக மாறவில்லை, ஆனால் அரைகுறைப் படகும் உதவும் என்ற இடம் மறுக்க முடியாதது. ஒன்று செய்யுங்கள்: அதே பெட்டியில் இரண்டு முறையும் எழுதுங்கள், ஒன்று ரிலே டீகோட் செய்து அனுப்புவது, இன்னொன்று கலந்து அனுப்புவது, ஒரு சுவிட்சில் மாற்றும்படி. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். படகு நகரும்போது எவ்வளவு விலகுகிறது என்ற கிராஃப் ஒன்று கிடைத்தால் அதை இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.